பாவாடைக்குள் மடங்கிய முழங்கால்

இன்று நான்காம் வகுப்பின் முதல் நாள். டீச்சர் உயரம் பார்த்து இடம் பிரித்தார்.

விடுமுறையில் நான் வளர்ந்துவிட்டேன். எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் ருக்குமணி வளரவில்லை. அவளைப் பிரியக்கூடாதென்று பாவாடைக்குள் முழங்காலை மடக்கி நின்றேன்.

"கண்ணு, நீ முன் பலகைக்குப் போ. ருக்குமணி, நீ கடைசிக்குப் போ அம்மணி," என்றார் டீச்சர்.

மணியடித்ததும் அவளிடம் ஓடினேன்.

"ஏம்புள்ள, நீ எப்படி ஒசந்த?"

"உன்ற பக்கத்துல உக்காரோணும்னு குதிங்காலைத் தூக்கி நின்னேன். நீ எதுக்குக் குட்டையாயிட்ட?"

மத்தியானம் சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை கேட்டு, பழக்கத்தில் பக்கத்தில் கை நீட்டினேன். அங்கே வேறொருத்தி இருந்தாள்.

டீச்சரிடம் உண்மையைச் சொன்னாலும் அவள் முன்னே, நான் பின்னே. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.