உரக்கச் சொன்ன சம்பளம்

ஆண்கள் வார்டில் ஒருவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது கூட வேலை பார்க்கும் ராஜியின் போன் வந்தது. அமுதாவுக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்ததாம், சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியில், சின்னசேலம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டதாம். நான் பிரஷரைப் பார்த்து முடித்து, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகுதான் அழுதேன். அவளாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள். நாற்பது வயதுகூட ஆகாதவள்.

கருணாபுரத்தில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நர்ஸுக்குப் படிச்சி இன்னா கண்டா? பாதி ஆயுசு பேங்குக்கே கட்டிகினு கெடந்தா. இப்ப போய்ச் சேந்துட்டா." இழவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது திறக்கிறேன். அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாத அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அமுதாவும் நானும் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவரும் பி.எஸ்சி. நர்சிங். இருவர் தலையிலும் கல்விக்கடன். அவள் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் குத்தகை விவசாயம். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். மீதியில் பஸ், சாப்பாடு, வீட்டுக்கு ஏதாவது. நாலு வருஷம் படிக்காமல் துணிக்கடையில் நின்றிருந்தால் இதைவிட அதிகம் கையில் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு சம்பள நாளும் அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். அவள் கொண்டை ஊசி குத்திக்கொண்டே கேட்பாள். "ஒன் கணக்கு சரிதாண்டி லதா. அதுக்கு இன்னா பண்ணலாம்ன்ற, துணிக்கடைக்கே போயிடலாமா?"

ஒருமுறை கரியாலூர்க்காரர் ஒருவர் மனைவியை எங்கள் வார்டில் சேர்த்திருந்தார். மலையில் மரவள்ளி போடுகிறவர். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்சிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாளாம். ஒரு புரோக்கர் வீடு தேடிப்போய், அட்வான்ஸ் கொடுத்தால் சீட் நிச்சயம் என்று சொல்லியிருக்கிறான். "படிக்க வச்சா கடன் அடையுமா சிஸ்டர்? இல்ல நெலத்த வுட்டுட்டு நிப்பனா?" என்று என்னைக் கேட்டார். அடையாது, வேண்டாம் அண்ணே என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஊசி டிரேயோடு வந்த அமுதா அங்கேயே நின்றுவிட்டாள். "அண்ணே, புரோக்கருக்கு ஒரு பைசா குடுக்காதீங்க. கவுன்சிலிங்ல போடுங்க. கவர்மெண்டு சீட்டு கெடச்சா கண்ண மூடிகினு சேத்து வுடுங்க. தனியார்தான் கெடச்சுதுன்னா, கவர்மெண்டு போட்ட பீஸுக்கு மட்டும் பேங்குல வாங்குங்க. நெலத்தத் தொடாதீங்க. பொண்ண நிறுத்தாதீங்க." அவரிடம் இவ்வளவு பதமாகச் சொன்னவள், என்னை மருந்து அறைக்குள் இழுத்துப்போய் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "கடன் பெருசு, கடன் பெருசுன்னே சொல்லிகினு இருக்கியே. சம்பளம் சின்னதுன்னு ஒரு நாளாவது சொன்னியா? அந்தப் பொண்ண நிறுத்த உனுக்குத் தைரியம் இருக்குது, மேனேஜர் ரூம்ல போயிக் கேக்க இல்ல."

என் கணக்கில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அவளும் தப்பு என்று சொன்னதில்லை. கடன், வட்டி, தவணை எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்த நான், சம்பளத்தை மட்டும் மாறவே மாறாத ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் அவள் சொன்னாள்: "எனுக்குப் பதினோராயிரம். அதுல ஐநூறு எனுக்கு மட்டும் தனியாப் போட்டுக் குடுக்கறாராம் மேனேஜர். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். ஒங்களுக்கெல்லாம் எவ்ளோ?"

சம்பளத்தை வெளியே சொல்வது எங்களுக்கு உள்பாவாடை தெரிகிற மாதிரி ஒரு வெட்கம். கடைசியில் ராஜி ஊறுகாய் பாட்டிலைக் கீழே வைத்தாள். "எனுக்கும் பதினோராயிரம்தான். எனுக்கு மட்டும்தான் ஐநூறுன்னாரே." அடுத்தவளுக்கும் அதேதான். பல வருஷ சர்வீஸ் போட்ட மூத்த சிஸ்டருக்கும் அதேதான். என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். அந்த ஐநூறை மறைத்து அமுதாவிடம்கூடக் குறைத்துச் சொல்லியே நான் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவளும் அத்தனை நாள் என்னிடம் மறைத்திருக்கிறாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் ஒருத்திக்கும் சோறு இறங்கவில்லை.

அன்று டூட்டி முடிந்தவர்கள் எல்லோரும் மேனேஜர் அறை முன்னால் போய் நின்றோம். எந்த நோயாளிக்கும் ஊசி தாமதமாகக் கூடாது என்பதில் அமுதா கறாராக இருந்தாள். மேனேஜர் எட்டிப் பார்த்து, "ஒவ்வொருத்தரா வாங்கம்மா, பேசலாம்" என்றார்.

"ஒவ்வொருத்தரா வந்துதான் சார் இப்டி ஆச்சி," என்றாள் அமுதா.

இதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வர வெளியே எத்தனையோ பெண்கள் காத்திருக்கிறார்கள் என்றார் அவர். "வரட்டும் சார். அவங்ககிட்டயும் சம்பளத்தச் சொல்லுவேன்," என்றாள். அதற்குக் கூலியாக அவளுக்குத் தொடர்ந்து நைட் டூட்டி போட்டார்கள். கண்ணெல்லாம் வீங்கிப்போய் வருவாள், ஆனாலும் பின்வாங்கவில்லை. நாங்களும் போய் நிற்பதை விடவில்லை. சில மாதம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் எல்லோருக்கும் ஏற்றிக் கொடுத்தார்கள். அப்படியொன்றும் பெரிய தொகை இல்லை. ஆனால் தவணை கட்டிய பிறகு கையில் ஏதோ நின்றது. நின்றதை வைத்து அவள் தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள், ஓலை வீட்டைப் பிரித்துச் சுவர் எழுப்பித் தளம் போட்டாள். கடைசித் தவணை கட்டிய அன்று எங்கள் எல்லோருக்கும் டீக்கடையில் போண்டா வாங்கிக் கொடுத்தாள். உறவுக்காரரே, நீங்கள் அன்றைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவர் அந்த நர்ஸ் சம்பளத்தில் எழும்பியது.

கரியாலூர்ப் பெண்ணும் இழவுக்கு வந்திருந்தாள். அவள் பெயர் செல்வி, இப்போது சேலத்தில் நர்ஸ். கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரிதான் கிடைத்ததாம். "கடன் இன்னும் கட்டிகினுதான் இருக்கறேங்க. நெலம் அப்பா பேர்லயேதான் இருக்குது," என்றாள். வேலைக்குச் சேரும்போது, அமுதா சொல்லிக்கொடுத்தபடி, அங்கிருந்த மற்ற நர்ஸுகளிடம் சம்பளத்தை விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாளாம். சொல்லிவிட்டு அமுதாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னால் பார்க்க முடியவில்லை.

அமுதாவின் படமோ பொருளோ எதுவும் என்னிடம் இல்லை. டிபன் பாக்ஸுக்கு முன்னால் கூச்சமில்லாமல் ஒலித்த அந்தக் குரலைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்குத் தேவைப்படுகிறது. நான் இப்போது வார்டு இன்சார்ஜ். மேனேஜர் மாறிவிட்டார், பழக்கம் மாறவில்லை. அவளை அடக்கம் செய்த மறுவாரம் புதிதாகச் சில பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, உனக்கு மட்டும்தான் கூடுதல் என்று சொல்லிவிடுங்கள் சிஸ்டர் என்றார் மேனேஜர்.

எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். முதலில் என் சம்பளத்தைச் சொன்னேன்.