அக்காவின் விசுவாசமும் என் தரகும்

விசுவாசம் என்பது மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்துப் பேசும் பேரம் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன். நாம் ஒரு விரல் கூட்டினால் ஆண்டவர் ஒரு விரல் இறங்கி வருவார். செய்யும் தொழில் அப்படி. ஓசூர்ச் சந்தையில் இருபது ஆண்டுகளாக மாட்டுத் தரகு பார்ப்பவன் நான். அக்காவின் முதலாண்டு நினைவு மலரில் இதையா எழுதுவது என்று உறவினர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அக்கா இதைச் சொல்லிச் சிரிக்காத கலியாண வீடு நம் சொந்தத்தில் கிடையாது.

முறைப்படியே தொடங்குகிறேன். அக்கா பிறந்தது சிங்காரப்பேட்டையில். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மை நோயில் பெற்றோர் இருவரும் ஒரே மாதத்தில் போய்விட, பதினாறு வயதிலேயே என்னை வளர்க்கும் பாரம் அவர் தலையில் விழுந்தது. தச்சு வேலை செய்யும் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஓசூருக்கு வந்தபோது, ஒரு தகரப் பெட்டியோடு என்னையும் கூட்டி வந்தார். பெட்டியை மாமா உடனே வாங்கி உள்ளே வைத்தார். என்னை எங்கே வைப்பது என்று இன்றுவரை திண்டாடுகிறார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாதபடி தொல்லை கொடுக்க நான் இருந்தேன்.

அக்காவின் பக்தி சத்தமில்லாதது. விடியலில் மாடு கறந்ததும் முதல் செம்புப் பால் எதிர்வீட்டுக் கன்னடக்கார விதவை அம்மாளுக்குப் போகும். அதன் பிறகுதான் மாதா கோயில் பூசைக்குக் கிளம்புவார். ஒருமுறை வேலித் தகராறில் அந்த அம்மாள் எங்கள் ஏழு தலைமுறையையும் கன்னடத்தில் திட்டித் தீர்த்தார். மறுநாள் காலையும் செம்பு போயிற்று. நான் குதித்தேன்.

"திட்டுனது அந்தம்மா வாயிடா. பால் கேக்கறது வயிறு. போ, குடுத்துட்டு வா" என்றார் அக்கா.

அறுபத்தேழாம் ஆண்டின் தொடக்கத்தில், அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பதாகப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு வாரத்தில் ஆபரேஷன். பிழைப்பது நிச்சயமில்லை என்றார் டாக்டர். மறுநாள் சந்தையில் ஒரு கவுடரோடு துண்டுக்குள் கை கோத்தேன். என் விரல்கள் ஆடிய ஆட்டத்தில் அவருக்கு விலையே பிடிபடவில்லை.

"என்ன தரகரே, இது பேரமா, குளிர்சுரமா?" என்று கேட்டுவிட்டுக் கையை உருவிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நேர்ச்சை நேர்ந்தேன். சானமாவுக் காட்டில் யானை எதிரே வந்து நின்றபோதுகூட ஒரேயொரு மெழுகுவர்த்தியோடு காரியத்தை முடித்தவன் நான். அன்று கை தாராளமாகிவிட்டது. அந்தோணியாருக்கு அக்கா வளர்க்கும் கறுப்புக் கிடா. போதாது என்று தோன்றியது; செபஸ்தியாருக்கு மாமாவின் மீசை. அப்போதும் நெஞ்சு அடங்கவில்லை. அக்கா பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவார் என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்தேன். கிடா அக்காவுடையது. மீசை மாமாவுடையது. கால் அக்காவுடையது. என் பங்குக்கு நான் போட்டது கண்ணீர் மட்டும். அதுவும் தானாக வந்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்றேன்.

"அக்கா, ஒண்ணும் பயப்படாத. எல்லாருகிட்டயும் பேசி முடிச்சுட்டேன்."

"யாருகிட்டடா?"

சொன்னேன். கிடா வரைக்கும் பேசாமல் கேட்டார். மீசை என்றதும், கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமா எழுந்துவிட்டார்.

"டேய், யாரைக் கேட்டு என் மீசைய எழுதிக் குடுத்த?"

"அக்கா உசுரு பெருசா, மீசை பெருசா மாமா?"

"அப்ப உன் மீசைய நேர்ந்துக்கறதுதானே?"

"இந்த எலிவால் மீசைய எந்தப் புனிதரு மாமா ஏத்துக்குவாரு?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாளைக் காலையில் அறுக்க வேண்டிய வயிறு இது என்று நர்ஸம்மா ஓடிவந்து கன்னடத்தில் எங்களைக் கடிந்துகொண்டார். அவர் போனதும் அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல நீ எதுக்குடா தரகு?"

"அந்தோணியாரே தரகர்தானேக்கா?"

"அவரு துண்டு போட்டுப் பேசறதில்லடா. நமக்காகக் கேக்கறாரு, அவ்வளவுதான். நீயும் கேளு. குடுத்தா வாங்கிக்குவோம். குடுக்கலன்னாலும் அவருதான் நம்ம ஆண்டவரு. விலை படியலன்னு வேற சந்தைக்கா போயிடுவ?"

என் பேரம் படியாமல் போனதை மாமா பார்த்தது அன்றுதான் முதல்முறை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அக்கா வீடு வந்து சேர்ந்ததும் நேர்ச்சைகள் என்னை அரிக்கத் தொடங்கின. மாமா என்னைக் கண்டாலே மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டார். பங்குச் சாமியாரிடம் போய் முழங்காலிட்டு ஒப்புவித்தேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

"அடுத்தவன் மீசைய நேர்ந்தா செல்லாதுப்பா. உன்னோடதுன்னு ஏதாச்சும் இருக்கா?"

"வாய் இருக்குது சாமி."

"அது வேண்டாம், ஆண்டவரே தாங்க மாட்டாரு. காலையில எந்திரிப்பியா?"

நேர்ச்சையை அவர் மாற்றிக் கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் கேட்க ஆளில்லாமல் கிடக்கும் நோயாளிகளுக்கு ஓராண்டு தினமும் காலைக் கஞ்சி. அக்கா காய்ச்சினார், நான் சுமந்தேன். நாட்றாம்பாளையத்தில் கரடியிடம் கடிபட்டு வந்த ஒருவர், கஞ்சியில் உப்பில்லை என்று தினமும் என்னை ஏசினார். எரிச்சலோடு அக்காவிடம் வந்து சொன்னேன்.

"உப்பு கேக்கறானா? அப்ப பொழச்சுக்குவான்டா!" என்று கைதட்டி மகிழ்ந்தார்.

அவர் பிழைத்தார். கூடை நிறைய அவரைக்காயோடு எங்கள் வீடு தேடி வந்து, உப்பைப் பற்றி மறுபடியும் குறை சொல்லிவிட்டுப் போனார். ஓராண்டு முடிந்த பிறகும் கஞ்சிப் பானை நிற்கவில்லை. யாரும் என்னை நிறுத்தச் சொல்லவுமில்லை.

ஆபரேஷன் நடந்து ஒன்றரை ஆண்டு கழித்துக் கட்டி திரும்ப வந்தது. இனி அறுக்க முடியாது என்றார்கள். அக்காவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"பயமா இருக்குதுக்கா. விசுவாசம் இருந்தா பயம் வராதுன்னு சொல்றாங்களே. எனக்கு அது இல்லையோ என்னவோ."

"எனக்குந்தான் பயமா இருக்குது. பயந்துக்கிட்டே அவரு கையப் புடிச்சுக்க வேண்டியதுதான்டா. பயமே இல்லாதவனுக்குப் புடிக்கக் கை எதுக்கு?"

விசுவாசத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் இதைவிடச் சின்னது இல்லை. எனக்கு விளங்கியதும் இது ஒன்றுதான்.

அக்காவை அறுத்துக் காத்த டாக்டருக்கும், எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், நற்கருணை அப்பத்தோடு வீட்டுக்கே வந்துபோன பங்குச் சாமியாருக்கும், கடைசி இரண்டு மாதம் எங்கள் வீட்டு அடுப்பைத் தன் அடுப்பாக நினைத்துப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அம்மாளுக்கும், அடக்கத்தன்று தோள் கொடுத்த சந்தைத் தோழர்களுக்கும் மாமாவும் நானும் கைகூப்புகிறோம்.

கடைசி நாளைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அறையெல்லாம் வெளிச்சம் வந்தது என்றும், மல்லிகை மணந்தது என்றும் என் காதுக்கே வந்தது. பக்கத்தில் இருந்தவன் நான்; நடந்தது இவ்வளவுதான். காலையில் சாமியார் வந்து, நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். மதியம் அக்கா இரண்டு வாய் ராகிக் களி சாப்பிட்டார். மாமாவின் சட்டை அழுக்காக இருக்கிறது, மாற்றச் சொல் என்றார். மூன்று மணிக்குத் தூங்கினார். நாலு மணிக்குப் பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.