அக்கா நீந்திய ஐம்பது மீட்டர்

பின்வளவுத் துணிக்கொடியில் அது தொங்கிக்கொண்டிருந்த காலைப்பொழுதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். மெல்பர்ன் வீடுகளின் பின்னால் நிற்கும் கொடி அது. நடுவே ஒரு இரும்புக் கம்பம், அதன் உச்சியில் குடைக்கம்பிகளைப் போல நாலா பக்கமும் விரிந்த கைகள். காற்று அடித்தால் துணிகளோடு சேர்ந்து தானாகவே சுற்றும். அன்றைக்கு அதில் கருநீல நிறத்தில், முழுக்கையும் முழங்காலுக்குக் கீழே இறங்கிய காலும் கொண்ட ஓர் உடை சொட்டச் சொட்டச் சுற்றிக்கொண்டிருந்தது.

“என்னாக்கா இது?” என்று சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

“நீச்சல் உடுப்பு. நானே தைச்சனான். எப்பிடி இருக்கு?”

“தலையில்லாத ஆள் ஒருத்தர் சுத்திக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு.”

“தலை என்னட்டை இருக்குத்தானே” என்றார் அக்கா.

எண்பதுகளின் பின்பாதி. நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து கணக்கியல் படிக்க வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மெல்பர்னின் புறநகரான மல்கிரேவில் ஒரு பழைய செங்கல் வீட்டின் முன்னறை எனக்கு, பின்னறை அக்காவுக்கு. நாங்கள் உறவல்ல. வாடகையைப் பகிர்ந்துகொள்ள வந்து சேர்ந்த இரண்டு பெண்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர் அவர். எண்பத்து மூன்றின் கலவரங்களுக்குப் பிறகு மெல்பர்னில் இருந்த அண்ணனிடம் வந்து சேர்ந்தார். இங்கே அவருடைய ஆசிரியச் சான்றிதழ் செல்லாது என்றார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். அதைச் செய்துகொண்டே, தொடக்கப்பள்ளி ஆசிரியப் பயிற்சிக்கு மறுபடியும் மாணவியாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது.

தமிழ் பேசும் இருவர் ஒரே வீட்டில் இருந்தும் முதல் சில வாரங்கள் ஒருவரையொருவர் மொழிபெயர்த்துக்கொண்டுதான் வாழ்ந்தோம். அவர் சமையலறையைக் குசினி என்பார், நாற்காலியைக் கதிரை என்பார். ஒருநாள் “எனக்குச் சரியான வருத்தம்” என்றதும், நான் என்ன தப்பு செய்தேனோ என்று பதறிப்போனேன். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அவருக்கு வெறும் காய்ச்சல். எங்கள் ஊர் மிளகாய்த் துவையலான என் சம்பால் அவருக்கு இனித்தது. அவருடைய மீன்குழம்பு என்னை ஒரு குடம் தண்ணீர் குடிக்க வைத்தது. குளிர்காலத்தில் ஒரே ஹீட்டரின் முன்னால் இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு அவரவர் பாடத்தைப் படித்தோம். என் மாணவ வாழ்க்கையில் நான் வீட்டை நினைத்து அழாத முதல் மாலைகள் அந்த ஹீட்டரின் முன்னால் கழிந்தவைதான்.

அக்காவுக்குக் கணிதம், ஆங்கிலம், குழந்தை உளவியல் எதுவும் பெரிய சிக்கலாக இல்லை. நீச்சல்தான் சிக்கல். இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளை நீச்சல்குளத்துக்கு அழைத்துப்போவதும் ஆசிரியரின் வேலை. அதனால், ஆழமான நீரில் எங்கும் பிடிக்காமல் ஐம்பது மீட்டர் நீந்திக் காட்டினால்தான் பயிற்சியில் தேற முடியும் என்று அவருடைய கல்லூரி சொல்லிவிட்டது. கடலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு வளர்ந்தவர், கிணற்றில் வாளி போட்டு அள்ளிக் குளித்ததைத் தவிர நீரோடு எந்தப் பழக்கமும் இல்லாதவர். கடைகளில் தொங்கிய நீச்சலுடைகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, உடற்பயிற்சிக்காரர்கள் அணியும் இழுத்தால் நீளும் துணியை வாங்கித் தானே வெட்டித் தைத்துக்கொண்டார்.

முதல் நாளே அதற்குச் சோதனை வந்தது. நகரசபைக் குளத்தின் காவலர், சிவந்த முகமுள்ள பெரிய மனிதர், சாதாரண உடுப்போடு நீரில் இறங்க அனுமதி இல்லை என்று வாசலிலேயே மறித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று அக்காவின் கையை இழுத்தேன். அவரோ வலது கையை நீட்டி, பள்ளிக்கூட ஆங்கிலத்தில், இது மற்றவர்கள் அணிந்திருக்கும் அதே துணி, கூடுதலாக இருக்கிறதே தவிர வேறில்லை, வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள் என்றார். அந்த மனிதர் இரண்டு விரலால் கைநுனியை இழுத்துப் பார்த்தார். துணி நீண்டு, விட்டதும் டப்பென்று ஒட்டிக்கொண்டது. அவர் வழிவிட்டார்.

அந்த நேரத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு இல்லை. இருந்தது ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு ஒன்றுதான். அக்கா அதில் சேர்ந்தார். பிள்ளைகளோடு ஓரக்கம்பியைப் பிடித்து நின்று, முகத்தை நீரில் வைத்துக் குமிழி விட்டார். பிள்ளைகளைப் போலவே ஒரு சிவப்பு மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார். பிள்ளைகள் முன்னே போய்க்கொண்டிருப்பார்கள். அக்கா உதைத்த உதைக்குப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருப்பார். அவர்கள் அதைக் கண்டு கைதட்டிச் சிரிப்பார்கள், இவரும் சிரிப்பார். நான் கரையோரப் பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது வாரம் என் புத்தகத்தின்மேல் ஒரு கை தண்ணீரை அள்ளி ஊற்றினார்.

“நீயும் இறங்கு. என்னைப் பாத்துச் சிரிக்கிறதெண்டால் தண்ணிக்குள்ளை நிண்டு சிரி.”

அப்படித்தான் நானும் இறங்கினேன்.

வசந்த காலத்தில் முதல் தேர்வு. பாதிவரை நன்றாகத்தான் போனார். ஆழம் தொடங்கும் இடத்தில் நீரின் நிறம் கறுக்கும். அங்கே வந்ததும் திடீரென்று நின்று, இருமி, பக்கத்துக் கயிற்றைத் தாவிப் பிடித்தார். தேர்வு அங்கேயே முடிந்தது. துவாலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

“காலுக்குக் கீழை ஒண்டும் இல்லையெண்டு நினைச்சனான். நினைச்ச உடனை எல்லாம் மறந்துபோட்டுது” என்றார்.

அவருடைய விரிவுரையாளர் நல்ல பெண்மணி. மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி வந்தால் நீச்சலிலிருந்து விலக்கு வாங்கித் தருகிறேன் என்றார். அன்று பேருந்தில் திரும்பும்போது எனக்குப் பெரிய நிம்மதி.

“வாங்கிருங்கக்கா. எத்தனையோ பேரு அப்படித்தான் பாஸ் பண்றாங்க.”

“எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே. நீந்தத் தெரியாது, அவ்வளவுதான்.”

“அதுக்காக டீச்சர் வேலையைப் பணயம் வைப்பீங்களா?”

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “பிஸ்கட் அடுக்கிறது கேவலமில்லை. ஆனா நான் ரீச்சர். நாளைக்கு ஒரு பிள்ளை தண்ணிக்குள்ளை தாண்டு மூச்சுத்திணறினால், எனக்கு விலக்குத் தந்திருக்கினம் எண்டு சொல்லிக்கொண்டு கரையிலை நிக்கிறதே?”

 

மறுவாரமே குளத்துக்குப் போனார். ஆழத்தைக் கண்டு பயப்படுவதால், ஆழத்திலேயே இருந்து பழகுவது என்று தீர்மானித்தார். ஓரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆழமான பக்கத்தில் தொங்குவார்; ஒரு கையை விடுவார், பிறகு இரண்டு கையையும். நான் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருப்பேன். அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பது கேட்கும். மந்திரமோ என்று உற்றுக் கேட்டேன். பெருக்கல் வாய்ப்பாடு. பதினேழாம் வாய்ப்பாடு முடியும்வரை கம்பியைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தார். அந்தச் சிவந்த முகக் காவலர் ஒருநாள், நீரில் தவிப்பவர்களுக்கு நீட்டும் தன் நீண்ட கழியோடு வந்து எங்களுக்கு அருகில் நின்றார். அன்றிலிருந்து நாங்கள் ஆழத்தில் இருக்கும்போதெல்லாம் ஏதோ வேலை இருப்பவரைப் போல அந்தப் பக்கமே நடந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது தேர்வு ஒரு சனிக்கிழமைக் காலை. பிள்ளைகளின் வகுப்பு நடக்கும் நேரம். அக்கா திருநீறு பூசி வந்திருந்தார். நீரில் இறங்குமுன்னரே வியர்வையில் அது கரைந்துவிட்டது. தேர்வாளர் விசில் ஊதினார். அக்கா சுவரை உதைத்துப் புறப்பட்டார். அழகான நீச்சல் இல்லை அது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், இடது கை துணி துவைப்பதைப் போல நீரை அறையும். ஆனாலும் முன்னே போனார். நீர் கறுக்கும் இடம் வந்தது. அங்கே அவர் வேகம் குறைந்தது.  அவருடைய வாய் அசைவது தெரிந்தது, எத்தனையாம் வாய்ப்பாடோ. இடது கை மறுபடியும் நீரை அறைந்தது.

அதற்குள் ஐந்து வயதுக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தங்களோடு குமிழி விட்டவர் தனியாக ஆழத்தில் போகிறார்! முழுவகுப்பும் நீரைவிட்டு ஏறி, கரையோரமாக அவரோடு சேர்ந்து கத்திக்கொண்டே ஓடியது. கரையில் ஓடாதே என்று நாள் முழுக்கக் குரல் கொடுக்கும் காவலர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வேகமாக நடந்தார். நானும் ஓடினேன். அக்காவின் கை எதிர்ச்சுவரைத் தொட்டபோது எழுந்த சத்தத்தில் தேர்வாளரின் விசில் யாருக்கும் கேட்கவில்லை.

அக்கா சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“முடிஞ்சுதே?”

“முடிஞ்சிருச்சுக்கா!”

“அப்ப சாப்பிடுவம். சரியான பசி.”

குளத்துக்கு எதிரே வாங்கிய பொரித்த மீனையும் உருளைக்கிழங்கையும் ஈரத் தலையோடு புல்லில் உட்கார்ந்து தின்றோம். அதைப் போல ருசியான சாப்பாட்டை நான் இந்த நாட்டில் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு பள்ளியில் வகுப்பாசிரியராக நுழைந்தார். முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட வைக்காமல், “இருபத்தெட்டுப் பிள்ளையள்!” என்றார். உலகத்தின் பாதியைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பது போல இருந்தது அவர் சொன்ன விதம்.

நான் படிப்பை முடித்து, சிட்னியில் வேலை கிடைத்து, இப்போது அங்கேயே கெல்லிவில்லில் சொந்த வீட்டில் இருக்கிறேன். அன்று ஒரே ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டியவளுக்கு இன்று அறைக்கு அறை சூடு இருக்கிறது. ஆனாலும் எந்தப் புதுக் காரியத்திலும் நடுவழியில் கால் எட்டாத இடம் ஒன்று வரும்போது, எனக்கும் வாய் தானாக அசையும்.

சென்ற ஆண்டு, ஈப்போவிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு அக்காவைப் பார்க்க மெல்பர்ன் போனேன். ஞாயிறுதோறும் பெண்களுக்கென்று ஒரு சிறு குளத்தை எடுத்து அவர் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார். வருகிறவர்களில் பலர் எங்களைப் போல வந்தவர்கள். தமிழ்ப் பெண்கள், சோமாலியப் பெண்கள், ஆப்கானியப் பெண்கள். அம்மா சும்மா பார்ப்பதற்குத்தான் வந்தார். முழங்கால் வலிக்கிறது, இந்த வயதில் என்னத்துக்கு என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரை, “அன்ரி, தண்ணிக்குள்ளை முழங்கால் நோகாது, வாங்கோ” என்று அக்கா கைபிடித்துப் படியிறக்கிவிட்டார்.

அரைமணி நேரத்தில் அம்மா மல்லாந்து படுத்திருந்தார். காது நீருக்குள் இருந்ததால் சத்தமாகப் பேசினார்.

“முதுகைப் புடிச்சிருக்கியாம்மா? விட்டுடாதே!”

அக்கா இரண்டு கைகளையும் நீருக்கு மேலே தூக்கி என்னிடம் காட்டினார். பிறகு குனிந்து அம்மாவின் காதருகே சொன்னார்:

“எப்பவோ விட்டாச்சு, அன்ரி. நீங்களாத்தான் மிதக்கிறியள்.”