தரகர் வெங்கடப்பன் வீடு விற்ற கதை

பி.ஏ. முடித்து ஊர் திரும்பிய வருஷம், குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு வாங்கப் போனபோதுதான் வெங்கடப்பனை முதலில் பார்த்தேன். எங்கள் கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் நான் கைகாட்டிய பசுவையே வாங்கிவிட அப்பா துணிந்திருந்தார். தலைப்பாகை கட்டிய ஒருவர் குறுக்கே வந்து அதன் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது காலேஜ் படிச்ச மாடு சாமி. நடை ஜோரா இருக்கும், பால் இருக்காது."

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

வெங்கடப்பன் வாங்குகிறவர் பக்கத்துத் தரகர். பல், குளம்பு, சுழி என்று அவர் குற்றம் சொல்லச் சொல்ல விலை இறங்கும். பழக்கம் சந்தையோடு நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். இப்பேர்ப்பட்டவர் வீடு விற்க நேர்ந்தது.

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு குன்றின் மேலுள்ள குக்கிராமத்தில் இருந்தது அந்த வீடு. மூன்று பக்கம் மண் சுவர், மேலே நாட்டு ஓடு. பின்சுவர் கட்டவே இல்லை. பெரிய பாறையொன்றே சுவராக நின்றது. சித்திரை வெயிலிலும் உள்ளே சில்லென்றிருக்கும். பார்த்தவர்கள் மயங்குவார்கள். தண்ணீருக்கு மட்டும் குன்றடிக்கு இறங்கி ஏற வேண்டும். அவர் மனைவி மாதம்மாளுக்கு முழங்கால் போய்விட்டது. அதனால் வெங்கடப்பன் குந்தாரப்பள்ளியில் வாசலிலேயே கிணறுள்ள ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். அந்த வீட்டுக்காரர் தை பிறக்கும்வரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

விளம்பரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'இயற்கையன்னையே சுவரெழுப்பிய எழில்மனை' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"தண்ணி இல்லேன்னு போடலியே சாமி?" என்றார் வெங்கடப்பன்.

முதலில் பேரிகை கிருஷ்ணப்பன் வந்தார். "குளுகுளுன்னு இருக்குதே!" என்றார்.

"இப்ப அப்பிடித்தான் இருக்கும். ஐப்பசியில வாங்க, பாறை அழுவும். கொடை புடிச்சிக்கினுதான் சோறு திங்கணும்."

கிருஷ்ணப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இன்னாய்யா மனுசன் நீ! நம்ம ஊட்டை நீயே திட்டுவியா?" என்று கரண்டியோடு வந்தார் மாதம்மாள்.

"அவுரு வாங்க வந்தவராச்சே மே. குத்தம் சொல்லாம எப்பிடி அனுப்பறது?"

அடுத்தவர் ஓசூர் வாத்தியார். உத்தரத்தில் கரையான் ஏறிய இடத்தை, அவர் கேட்காமலே, ஏணி வைத்துக் காட்டினார் வெங்கடப்பன். இவ்வளவு நேர்மையான மனிதரைக் கண்டதே இல்லை என்று புகழ்ந்துவிட்டு வாத்தியார் பஸ் ஏறினார்.

மார்கழிக் கடைசியில் மாங்காய் வியாபாரி லால் பாஷா, மனைவி காத்தூனோடு வந்தார். அன்று பத்திரம் எழுத என்னையும் மாதம்மாள் வரச் சொல்லியிருந்தார்.

"பாயைக் கூட்டிக்கினு போய் சுத்திக் காட்டு. குத்தமெல்லாம் வெளியவே சொல்லி முடிச்சிட்டு வா" என்று புருஷனை அனுப்பினார்.

"அக்கா, கீழ தெரியறது எங்க தோப்பு. இங்கிருந்தே காவல் பாக்கலாம். தண்ணி ஏத்தக் கழுதை இருக்கு" என்றார் காத்தூன்.

மாதம்மாள் முந்தானையை அவர் கைமேல் போட்டார். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டை மறைப்பாகப் போட்டு, விரலைப் பிடித்தே பேசுவார்கள். மாங்காய் மண்டியிலும் அதே வழக்கம். கல்யாணமான புதிதில் வெங்கடப்பன் மனைவியின் விரல்களில்தான் தொழில் பழகினாராம். முந்தானைக்குள் விரல்கள் அசைந்தன. காத்தூன் உதட்டைப் பிதுக்கினார், தலையாட்டினார், கடைசியில் சிரித்தார்.

லால் பாஷா வாடிய முகத்தோடு திரும்பினார். "வேணாம்மா. கரையானு, ஒழுகலு..."

"முடிஞ்சிருச்சிங்க" என்று காத்தூன் அவர் காதில் விலையைச் சொன்னார். பாயின் முகம் தெளிந்தது.

"எவ்ளோ மே?" என்றார் வெங்கடப்பன்.

"சொன்னா அதுலயும் குத்தம் சொல்லுவ. எங்கப்பன் என் பேருல எழுதி வெச்ச ஊடு. நான் வித்தன்."

வெங்கடப்பன் லால் பாஷாவிடம் கையை நீட்டினார்.

"அவ்ளோ குத்தம் சொன்னது நான். வெலை எறங்காமயா இருக்கும்? என் தரகைக் குடுங்க பாய்."

பாய் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பத்திரம் எழுதியவன் என்பதால் விலை எனக்குத் தெரியும். மாதம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் சொல்வதற்கில்லை.

இப்போது இருவரும் குந்தாரப்பள்ளியில், கிணறுள்ள அந்த வீட்டில் குடியிருக்கிறார்கள்.