சீலிங்கின் கடைசிப் பூச்சு

நாளை மனைவியும் பிறந்த குழந்தையும் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வத்தேகம வீட்டுக்கு வருகிறார்கள். பூச்சு வேலைக்கு மேசன் பாஸ் யாரும் கிடைக்கவில்லை. வீடியோ பார்த்துப் பழகிய நானே இன்று அவர்களுடைய அறையின் சீலிங்குக்குக் கடைசிச் சிமெந்துப் பூச்சுப் பூசினேன்.

தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. ஏணியை விட்டு இறங்கி நிமிர்ந்தேன். நடுவில் வயிறு போலப் புடைத்துக்கொண்டிருந்தது.

ஏறிப் பூச்சுக் கரண்டியால் தாங்குவதற்குள், பூசியதில் பாதி என் தலையில் விழுந்தது. மீதி கட்டிலில்.

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இனிப் பூச நேரமுமில்லை, கையில் பலமுமில்லை; எல்லாம் முடிந்தது.

அப்போது பார்த்து மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள்.

"சீலிங் முடிஞ்சிச்சாங்க?"

"முடிஞ்சிச்சும்மா."

"எங்க வீட்டுக்காரரே பூசிட்டாராம்!" என்று பக்கத்துக் கட்டில் அக்காவிடம் பெருமையாகச் சொல்வது கேட்டது.

நான் சொன்னது பொய்யில் சேருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.