குளிர் யார் பக்கம்

அமெரிக்கப் புட்போல் பைத்தியம் எங்கள் வீட்டில் முதலில் எனக்குத்தான் பிடித்தது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பின்னேரம் மறுபடி ஏற்றும்வரை சாரதிகள் அறையில் சும்மா இருக்க வேண்டும். அங்கிருந்த தொலைக்காட்சியில் யாரோ பழைய ஆட்டங்களைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பேர் புட்போல் என்றாலும் பந்து காலில் படுவது குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, பத்துப் பேருக்கு அடியில் விழுந்து எழும்புகிற விளையாட்டு. முதல் வருடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது வருடம் நான் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தத் தொடங்கியிருந்தேன்.

என்னிடமிருந்து அது அண்ணைக்குத் தொற்றியது. அண்ணை பிறம்ரன் நகரத்தில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மீனும் இறைச்சியும் ஐஸ்கிரீமும் அடுக்கி வைக்கிற, ஒரு மைதானம் அளவுக்குப் பெரிய உறைகுளிர் அறை. பதினொரு வருடம் அதற்குள் நின்றவர். கலியாணம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லிக்கனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து, என் சமையலைச் சாப்பிட்டு, ஆட்டம் பார்த்துவிட்டுப் போவார்.

மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுத் தம்பி. கோயம்புத்தூர்க்காரர், ஏதோ கம்பனிக்குக் கணினி வேலையை வீட்டிலிருந்தே செய்கிறவர். சுவரைத் தாண்டி என் கூச்சல் கேட்டு, ஒருநாள் கதவைத் தட்டி, "அக்கா, நீங்களும் மேட்ச் பாக்கறீங்களா?" என்று கேட்டு வந்தவர்தான். அதன்பிறகு அவருக்கென்று எங்கள் சோபாவில் ஒரு மூலை வந்துவிட்டது.

நாங்கள் மூவரும் ஏரிக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க அணியின் ஆட்கள். எல்லையைத் தாண்டி இரண்டு மணித்தியால ஓட்டம்தான். அவர்களுடைய மைதானத்துக்குக் கூரை கிடையாது. ஜனவரியில், தோற்றால் வெளியே போகிற பிளேஓஃப் ஆட்டங்கள் வரும்போது ஏரிக்காற்று நேராக அதற்குள் இறங்கும். அந்த வருடம் முதல் ஆட்டமே அவர்களுடைய சொந்த மைதானத்தில் விழுந்தது. எதிரணி வருவது பனியே காணாத ஒரு தெற்குக் கரையோர நகரத்திலிருந்து.

ஆட்டத்துக்கு முதல் வாரம் முழுக்க வாட்சப்பில் இதே சண்டைதான்.

"அவங்களுக்கு விரல் விறைச்சிடும். பந்து கல்லு மாதிரி இருக்கும். பிடிக்கேலாது," என்றார் அண்ணை. "எங்கட ஆக்கள் இரண்டு தரம் அடிச்சு முன்னுக்கு வருவினம். பிறகு பந்தைக் குடுக்கவே மாட்டினம்."

"அண்ணா, ரெண்டு டீமுக்கும் ஒரே குளிர்தானே?" என்றார் தம்பி. "அவங்களும் ஹீட்டர் வெச்ச பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. குளிர்ல ஜெயிச்சதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கறோம், தோத்ததை மறந்துடறோம். அவ்வளவுதான்."

"குளிர் எண்டது பழக்கம், தம்பி. அதுக்குள்ள நிண்டு பாத்தவனுக்குத் தெரியும்."

"உடம்புக்கு அப்படியெல்லாம் பழகாதுண்ணா."

அண்ணை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். பதினொரு வருட வாழ்க்கையை ஒருவர் இல்லை என்று சொன்னமாதிரி அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அன்று பின்னேரம் என்னை அழைத்து, "ஞாயிற்றுக்கிழமை கராஜுக்குள்ள ரீவியை வை. கதவைத் திறந்துவிட்டிட்டு இருந்து பாப்பம். ஆர் முதல்ல உள்ளுக்கு ஓடுறான் எண்டு பாப்பம்," என்றார். நான் சிரித்தேன். எனக்கும் அது நல்ல விளையாட்டாகத்தான் தெரிந்தது. அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்: நான் சிரித்தேன், சரி என்றேன்.

அந்த ஞாயிறு வெயில் எறித்தது. மைனஸ் இருபதில் எறிக்கிற வெயில் வேறு மாதிரி. எல்லாம் வெள்ளையாக, கூராக, தூரத்து வீட்டு ஜன்னல்கூடக் கைக்கெட்டுகிற மாதிரித் தெரியும். அண்ணை நேராக இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். சாப்பிடச் சொன்னேன், பிறகு என்றார். எங்கள் வாகனப் பாதையில் முதல் நாள் பனி முழங்கால் மட்டும் கிடந்தது. நான் தடுக்கத் தடுக்கப் பனி அள்ளுகிற சவலை எடுத்து, ஒரு மணித்தியாலமாக முழுவதையும் அள்ளிப் போட்டார். ஜக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் அள்ளினார். முடிக்கும்போது அவருடைய சட்டையும் உள்பனியனும் வேர்வையில் தோய்ந்திருந்தன. அவற்றின்மேலேயே ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். தம்பி கொண்டுவந்த விஸ்கியில் ஒரு கிளாஸ் குடித்தார், பிறகு இன்னொன்று.

ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. காரை வீதியில் விட்டிருந்தோம். வெறுமையான கராஜில் மூன்று மடக்குக் கதிரைகள், ஒரு மேசையில் தொலைக்காட்சி, எங்களுக்குப் பின்னால் திறந்த கதவு, அதற்கப்பால் தெரு. கதவு திறந்திருந்தும் தெருவிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு கார் போகவில்லை. தொலைக்காட்சியில் எழுபதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மூச்சு ஒன்றாகச் சேர்ந்து மைதானத்துக்கு மேலே ஒரு புகைபோல நின்றது. எங்கள் மூன்று பேருடைய மூச்சும் திரைக்கு முன்னால் போய் மறைந்தது.

முதல் பாதியில் நன்றாகச் சண்டை பிடித்தோம். எங்கள் அணி முந்தியது. "பாத்தியா? பாத்தியா?" என்று அண்ணை கால்களைத் தட்டினார். பற்கள் அடித்துக்கொண்டதில் அவருடைய சொற்கள் உடைந்து வந்தன. தம்பி இரண்டு கம்பளிகளுக்குள் இருந்துகொண்டு, "இன்னும் பாதி இருக்குண்ணா," என்றார். இடைவேளையில் நான் உள்ளே போய்க் கோப்பி கொண்டுவந்தேன். அண்ணை குடிக்கவில்லை. உள்ளே போனதால் நான் தோற்றுவிட்டேன் என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதாக ஞாபகம் இல்லை.

இரண்டாம் பாதியில் எதிரணி விழித்துக்கொண்டது. விறைத்துப்போகும் என்று நாங்கள் சொன்ன அந்தக் கைகள் பந்தை அழகாகப் பிடித்தன. நானும் தம்பியும் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து வரும் சின்னக் கதவைத் திறந்துகொண்டு என் மகள் வந்தாள். பதினாறு வயது. ஆட்டத்தில் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை, ஏதோ கேட்க வந்தவள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "மாமா ஏன் ஸ்மைல் பண்ணுறார்?"

திரும்பிப் பார்த்தேன். அண்ணை திரையைப் பார்க்கவில்லை. கராஜின் பின்மூலையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். தொப்பி நிலத்தில் கிடந்தது. கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து மடியில் வைத்திருந்தார். நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. அவ்வளவு நேரமும் அடித்துக்கொண்டிருந்த பற்களின் சத்தம் எப்போது நின்றதென்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

"அண்ணை, உள்ளுக்குப் போவம்."

"வெக்கையாக் கிடக்கு," என்றார். சொற்கள் வாய்க்குள் உருண்டு வந்தன. எழுந்து நின்று ஜக்கெட்டைக் கழற்றினார். நிதானமாக அதன் கைகளைச் சரிசெய்து கதிரையில் தொங்கவிட்டார். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். விரல்கள் வளையவில்லை, உள்ளங்கைகளால் பொத்தான்களை உருட்டி உருட்டிக் கழற்றினார்.

பஸ் வேலைக்குச் சேரும்போது எங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்த பெண் ஒரு விடயத்தை இரண்டு தரம் சொன்னார்: குளிரில் நடுங்குகிற பிள்ளையைப் பார்த்துப் பயப்படாதே, நடுக்கம் நின்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படு. எனக்கு அது அப்போதுதான் மண்டையில் இறங்கியது. மகளிடம் அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லிக் கத்தினேன். தம்பி கம்பளியோடு எழுந்து ஓடி வந்தார். அதற்குள் அண்ணை சட்டையையும் பனியனையும் கழற்றிப்போட்டு நாலு காலில் இறங்கியிருந்தார்.

பின்மூலையில் ஒரு வேலை மேசை இருந்தது. அதற்குக் கீழே காரின் கோடைக்காலத்து ரயர்கள் நான்கு. ஐம்பத்து நாலு வயது மனிதர், வெறும் மேலோடு, அந்த ரயர்களை விலக்கிக்கொண்டு மேசைக்கடியில் ஊர்ந்து போனார். ஒரு பூனை போகிற மாதிரி, அவசரமில்லாமல். சுவரோடு போய்ச் சுருண்டு படுத்தார். நான் குனிந்து அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். மீன்பெட்டிக்குள் கைவைத்தமாதிரி இருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் பலம் இருந்தது.

"இஞ்ச வா, தங்கச்சி. இஞ்ச சூடாக் கிடக்கு. எல்லாரும் இருக்கினம். உனக்கும் இடம் இருக்கு."

சின்ன வயதில் மட்டுமே என்னோடு பேசிய குரல் அது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு சந்தோசமான முகத்தை நான் அவரிடம் கண்டதில்லை. அந்த மேசைக்கடி உண்மையிலேயே சூடாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியில்லை. என் முகத்தில் அந்தச் சூட்டை உணர்ந்தேன். ஒரு முழங்காலை உள்ளே வைத்தேன்.

"அக்கா! நீங்க என்ன பண்றீங்க!"

தம்பி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அப்போதுதான் பார்த்தேன், என் ஜக்கெட்டின் சிப் பாதிவரை இறங்கியிருந்தது. அதை நான் இறக்கிய ஞாபகம் இன்றுவரை இல்லை.

இருவரும் சேர்ந்து மேசையையே நகர்த்தி அவரை வெளியே எடுத்தோம். அவர் திமிறினார். பிறகு அழுதார், சத்தமில்லாமல், ஏதோ நல்ல இடத்திலிருந்து எழுப்பப்பட்ட குழந்தைபோல. கம்பளிகளில் சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டு போகையில் பின்னால் தொலைக்காட்சியில் கூட்டம் ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. எதிரணி கடைசி உதையில் வென்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் அணி தோற்றது, சொந்த மைதானத்தில், சொந்தக் குளிரில்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தார். தூக்கமில்லை, சாப்பாடில்லை, வேர்வை ஈரம், மேலே விஸ்கி. உடம்பு மிகவும் குளிர்ந்தால் மூளை வெக்கை என்று நினைத்து உடுப்பைக் கழற்றச் சொல்லுமாம். இடுக்குகளுக்குள் ஊர்ந்து போவதும் அதில் ஒரு கட்டமாம். "அவருடைய வேலை அவருக்குக் குளிர் பழகிவிட்டதாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது, உடம்புக்கு அது தெரியாது," என்றார். தம்பி வாரம் முழுக்கச் சொன்னது அதைத்தான். அவர் காரிடோரில் நின்று அழுதார். "நான் விட்டுக் குடுத்திருக்கணும்க்கா," என்றார்.

மூன்றாம் நாள் அண்ணை தெளிவாகப் பேசினார். இடதுகை இரண்டு விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது, மற்றப்படி ஒன்றுமில்லை. நான் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவராகவே தொடங்கினார்.

"எங்கட ஆக்கள் வெண்டது நல்ல வெற்றி, என்ன?"

"தோத்துப் போச்சினம், அண்ணை."

"விசர்க்கதை கதையாதை. நான் அங்கதானே இருந்தனான்." அவர் கோபப்படவில்லை. "பனி கொட்டுது. எனக்குப் பக்கத்தில இருந்தவங்கள் எல்லாம் சேட்டைக் கழட்டிப்போட்டு இருந்தாங்கள். நல்ல சூடு. கடைசி உதையில எல்லாரும் எழும்பி நிண்டம். நீதான் வரேல்லை. கையைப் பிடிச்சுக் கூப்பிட்டனான், வரேல்லை."

அன்று பனி கொட்டவில்லை. வானம் கண்ணாடிபோல இருந்தது. நான் கட்டில் விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அண்ணை உறைகுளிர் அறைக்குத் திரும்பவில்லை. அதே களஞ்சியத்தில் லொறிகளைப் பதிவுசெய்கிற மேசையில் உட்கார்த்தினார்கள். அங்கே அவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கிறாராம்.

போன ஜனவரியில் எங்கள் அணிக்கு மறுபடி சொந்த மைதானத்தில் பிளேஓஃப் வந்தது. தம்பி எங்கள் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், "யாருண்ணா ஜெயிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆருக்குத் தெரியும்," என்றார் அண்ணை. சோறு சாப்பிட்டார். கோப்பி குடித்தார். தம்பி சொன்ன பகிடிக்குச் சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் கமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு குளிர்கால ஆட்டத்திலும் காட்டுவார்கள்: மேற்சட்டை இல்லாமல், நெஞ்சில் வர்ணம் பூசி, பனிக்குள் நின்று கத்துகிற ஒரு வரிசை ஆண்கள். அண்ணை எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். குனிந்து, அந்த முகங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆரைத் தேடுறியள், அண்ணை?" என்று கேட்டேன்.

கமரா வேறு பக்கம் திரும்பும்வரை அவர் அசையவில்லை. பிறகு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"ஒருத்தரையும் இல்லை," என்றார்.