எமிலியிடம் கேட்க வேண்டும்

தொண்டை வலிக்கு மாத்திரை எழுதுவதென்றாலும் நோயாளியை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு, பக்கத்து அறையில் இருக்கும் எமிலிக்கு நான் போன் செய்ய வேண்டும். அவள் சரி என்ற பிறகுதான் நோயாளி எழுந்து போகலாம். வெளிநாட்டில் படித்து வந்தவள் என்பதால், ஆஸ்திரேலியாவின் இந்தச் சிற்றூரில் என் மருத்துவர் பதிவுக்கு விதித்த நிபந்தனை அது. எமிலி என் மேற்பார்வையாளர். என்னைவிடப் பதினொரு வயது இளையவள். மதியத்துக்கு மேல் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வராந்தாவில் நடப்பாள். அவள் முன்னால் கோட்டைச் சரிசெய்துகொண்டு நிற்பேன் நான்.

கோயம்புத்தூர் கணபதியில் பதினாறு வருடம் சொந்தமாகக் கிளினிக் நடத்தியவள் நான். கணவருக்கு இங்கே வேலை அமைந்ததால், எனக்குக் கீழே ஆறு வருடம் டாக்டராக இருந்த சுதாவிடம் அதை ஒப்படைத்துவிட்டு வந்தேன். அந்தக் கிளினிக் தொடங்கிய புதிதில் ஒருநாள் ஒரு லேத் பட்டறைக்காரர் கையில் தடிப்போடு வந்தார். எனக்குச் சந்தேகம். அவர் எதிரிலேயே தோல் மருத்துவர் ஒருவரைப் போனில் கேட்டேன். போனை வைத்ததும் பட்டறைக்காரர் பொறுமையாக, மரியாதையாகத்தான் சொன்னார்:

"ஏனுங்க டாக்டரம்மா, உங்களுக்கே தெரியலீங்களா? அப்பறம் நா எதுக்குங்க இங்க வாரேன்?"

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அதன்பின் நோயாளி எதிரில் நான் யாரையும் எதையும் கேட்டதில்லை. பின்னாளில் சுதா அப்படி என்னைக் கேட்டால் எரிந்து விழுவேன். கதவைச் சாத்திக்கொண்டு, இதுகூடத் தெரியாதா என்று திட்டியிருக்கிறேன்.

அந்த வீராப்பை இங்கேயும் பத்திரமாகக் கொண்டுவந்தேன். எமிலிக்குப் போன் செய்வேன். நோய் இது, மருந்து இது, முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏதாவது கேட்க வேண்டுமா என்பாள். ஒன்றுமில்லை என்பேன். இதைவிட நல்ல மருத்துவர் அவளுக்கு எங்கே கிடைப்பார் என்று நினைத்துக்கொள்வேன். மூன்று மாதம் கழித்து என்னைப் பற்றிய எமிலியின் அறிக்கை வந்தது. மேற்பார்வை குறைவான அடுத்த படிக்கு அனுப்ப முடியாது என்று எழுதியிருந்தாள். இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்கள். அதிலும் தேறாவிட்டால் பதிவு போய்விடும்.

"நீங்கள் எனக்குத் தகவல் சொல்கிறீர்கள். ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள்.

அன்று சுதாவை நினைத்து வயிறு எரிந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்து, யாரிடமும் கேட்காமல், விறுவிறுவென்று சீட்டு எழுதிக்கொண்டிருப்பாள். அதைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். பதிவு போனால் நான் திரும்பிப் போய் உட்கார அங்கே நாற்காலியும் இல்லை.

பிறகு ஒரு பண்ணைக்காரர் காதோரத்தில் ஒரு புள்ளியோடு வந்தார். இங்குள்ள வெயிலில் வெள்ளைத் தோலுக்கு வருகிற புற்றுநோய் வகைகளை நான் ஊரில் கண்ணால் பார்த்ததே அரிது. எனக்கு இது தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று அவரிடமே சொன்னேன். எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். எமிலி வெறுங்காலோடு வந்தாள். லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தாள். தனக்கும் உறுதியாகத் தெரியவில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டு, நகரத்திலிருந்த நிபுணரைக் கூப்பிட்டாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவளுடைய வயதின் மேலோ பதவியின் மேலோ எனக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு அவளால் அதே உயரத்தில் நிற்க முடிகிறது. எனக்கு அந்த வசதியை யாரும் தந்ததில்லை. நானும் சுதாவுக்குத் தரவில்லை.

அடுத்த அறிக்கையில் தேறினேன். இனி எமிலியிடம் சந்தேகம் வந்தால் மட்டும் கேட்டால் போதும். சுதாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோசப்பட்டாள். கொஞ்சம் தயங்கி, "அக்கா, ஒன்னு கேக்கோணுமுங்க" என்றாள். அவள் என்னிடம் எதையாவது கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

"வாசல் போர்டுல உங்க பேரு இன்னும் மேலயே இருக்குதுங்க. புதுசா வாரவங்க உங்களக் கேட்டுப்போட்டு, இல்லீன்னா திரும்பிப் போயர்றாங்க. எடுத்துப்போடட்டுங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று வாரமாகிறது. இங்கே என் அறைக் கதவில் என் பெயரைத் தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் செருகியிருக்கிறார்கள். அங்கே சுதா போர்டைத் தொடாமல் என் பதிலுக்குக் காத்திருக்கிறாள். கேட்காமலே எடுத்திருந்தால் திட்டியாவது இருப்பேன்.